வெட்டிய பதினோரு செகண்டு

— அன்னைக்கு நாம ரெண்டு பேரும் எப்படி உக்காந்திருந்தோம்னு எனக்குச் சரியா ஞாபகம் வரலை அண்ணி. நான் கதவுப் பக்கம், நீங்க சுவர்ப் பக்கம்னு தோணுது. கொஞ்ச நேரம் யோசிச்சா அப்படியே மாறித் தெரியுது. ரெண்டு வருஷம் ஆச்சே. நான் சொல்றதுல பாதி தப்பாக்கூட இருக்கலாம்.

— எதுக்கு இப்போ அந்த ஆராய்ச்சி? வந்ததிலேருந்து இதையேதான் கேக்கிறே. இந்தப் போர்வையோட அந்த ஓரத்தைப் பிடி, மடிக்கணும்.

— பிடிச்சேன். இந்தப் போர்வைதானே அன்னைக்கு ஜன்னல்ல தொங்கவிட்டோம்?

— இதேதான். இது, அந்தக் கம்பளி, உங்க அண்ணனோட பழைய மழைக்கோட்டு, எல்லாத்தையும் பின்ரூம்ல தொங்கவிட்டு, ஃபேனையும் நிறுத்திட்டு என்னை வேக வச்சே. கேட்டா எதிரொலி வரக் கூடாதுன்னே. ஷூ டப்பா மேல மைக். உனக்கு ஒரு பேப்பர், எனக்கு ஒரு பேப்பர். தபால் ஆபீஸ் கவுண்டர்ல ஸ்டாம்ப் கிழிச்சுக் கொடுக்கிறவளைப் பிடிச்சு நோயாளியா நடிக்க வச்சே.

— நடிக்கிறவங்களை வரவழைக்கணும்னா யுனிவர்சிட்டில மூணு மாசம் லெட்டர் போட்டுக்கிட்டே இருக்கணும் அண்ணி. உங்க குரல்ல ஒரு இது இருக்கும். அதாவது, கேக்கிறவங்களுக்கு உடனே நம்பத் தோணும்.

— அது சரி. இடது கைக்கு என்ன? ரெண்டு விரலாலயே பிடிச்சிருக்கே.

— லேப்டாப் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலி.

— கண்ணாடியும் மாத்திட்டே போலிருக்கு.

— பழசு மேல தெரியாம உக்காந்துட்டேன்.

— இந்த வருஷத்துல இது மூணாவது.

— நீங்க என்ன, தபால் எண்ற மாதிரி எண்றீங்க?

— உக்கார்ற இடத்தைப் பார்த்து உக்காரணும். உன் போன் அடிக்குது பாரு.

— மெசேஜ்தான். அவர். எங்கே இருக்கேன்னு கேக்கிறார்.

— சொல்லிட்டுத்தானே வந்தே?

— சொன்னேன். ஒரு போட்டோ அனுப்பிட்டா நிம்மதியா இருப்பார். அப்படியே போர்வையோட நில்லுங்க அண்ணி, உங்களையும் சேர்த்து எடுத்துடறேன். ஜன்னலும் தெரியணும். ம்... போயிடுச்சு.

— எதுக்குடி நானும் போர்வையும்?

— சும்மாதான். பாசத்துல கேக்கிறார்.

— அது சரி. அடுத்த போர்வையைப் பிடி. போன வாரம் ஆபீஸ்ல ஒருத்தி கேட்டா, உன் நாத்தனார் என்ன வேலை பாக்குறாங்கன்னு. எனக்குச் சொல்லத் தெரியலை. பாடம் எடுக்கிறது டாக்டர் அம்மா, படம் பிடிக்கிறது வீடியோக்காரர். நடுவுல நீ என்னதான் பண்றே?

— அதாவது, டாக்டர் அம்மா மூணு மணி நேரம் மூச்சு விடாம பேசுவாங்க. வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அதை யார் கேப்பாங்க? நான் அதைப் பத்துப் பத்து நிமிஷமா நறுக்குவேன். நடுவுல ஒரு கேள்வி வைப்பேன், ஒரு காட்சி வைப்பேன். ஆரம்பத்துல "வணக்கம், இந்தப் பாடத்தில்..."னு என் குரல்லயே ஒரு வரவேற்பு. படிக்கிறவங்க தூங்காம கடைசி வரைக்கும் போகணும். பாடத்தை வடிவமைக்கிறதுன்னு பேரு.

— காய் நறுக்கிற வேலைன்னு சொல்லியிருக்கலாம்.

— சொல்லிக்கோங்க. ஆனா நறுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதுதான் பெருசு. பாடம் முடிஞ்சதும் படிச்சவங்க என்ன செய்வாங்கன்னு எழுதணும். டாக்டர் அம்மா "தெரிந்துகொள்வார்"னு எழுதிக் கொடுப்பாங்க. சிவப்புல அடிச்சிடுவேன். ஒருத்தருக்குத் தெரியுமா தெரியாதான்னு எப்படி அளக்கிறது? செய்யறதைத்தான் கண்ணால பாக்க முடியும். அதனால செய்யற சொல் மட்டும்தான் வரணும்.

— நம்ம பாடத்துக்கு என்ன எழுதியிருந்தே?

— நர்சுங்களுக்கான பாடம்தானே. "அடிபட்டு வந்த பெண்ணைத் தனியே உட்கார வைப்பார். நேரடியாகக் கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார்." மூணே வரி.

— என் பேப்பர்ல மேலேயே இருந்துச்சு. படிச்சேன்.

— அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— உனக்குத்தான் ஞாபகம் இல்ல. சரி, மடிச்சது போதும். உக்காரு. முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. எதுக்கு வந்தேன்னு சொல்லு.

— சொல்றேன். இந்த லேப்டாப்பைக் கொஞ்சம் உங்க மடியில வச்சுக்கோங்க. முதல்ல பழசு. ரெண்டு வருஷமா எல்லாரும் கேட்டது இது.

— "கையில இது எப்படி ஆச்சும்மா?"

— "ஒண்ணுமில்ல சிஸ்டர். கட்டில்ல இடிச்சுக்கிட்டேன். எனக்குத் தொட்டாலே கன்னிப்போற உடம்பு."

— "வீட்டுல யாராவது உங்களை அடிக்கிறாங்களா?"

— "இல்ல."

— அவ்வளவுதான். இதுக்கப்புறம் திரையில நாலு விடை வரும். அடுத்து நீங்க என்ன செய்வீங்கன்னு படிக்கிறவங்க தேர்ந்தெடுக்கணும். நல்லா இருக்குல்ல? "படியில விழுந்துட்டேன்"னுதான் டாக்டர் அம்மா எழுதியிருந்தாங்க. அதை நான்தான் மாத்தினேன். படியில விழுந்தேன்னு நாடகத்துலதான் சொல்வாங்க. நிஜத்துல உடம்பு மேலயே பழியைப் போட்டுடுவாங்க.

— உனக்கு எப்படித் தெரியும்?

— என்ன?

— நிஜத்துல அப்படித்தான் சொல்வாங்கன்னு.

— படிச்சிருக்கேன் அண்ணி. இதுக்கெல்லாம் கட்டுரைங்க இருக்கு.

— அது சரி. மேலே சொல்லு.

— போன வாரம் புது வகுப்பு ஆரம்பிச்சுது. நானூத்துச் சொச்சம் பேர். வீடியோக்காரர் எல்லா ஃபைலையும் புது இடத்துக்கு மாத்தினார். இது மட்டும் வெட்டினதுக்குப் பதிலா வெட்டாததை ஏத்திட்டார். மனுஷன் மேல தப்பு இல்ல, ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சது நான். திங்கட்கிழமை ஆபீஸ் போறேன், அறுபத்து மூணு புகார். "ஆடியோ நின்னுபோகுது." "என் இன்டர்நெட் கோளாறா?" ஒருத்தர் மூணு தடவை கம்ப்யூட்டரை அணைச்சு அணைச்சுப் போட்டிருக்கார், பாவம். என்னடான்னு பார்த்தா, என் கேள்விக்கும் உங்க பதிலுக்கும் நடுவுல பதினோரு செகண்டு. ஒண்ணுமே இல்ல.

— ஒண்ணுமே இல்லையா?

— அப்படித்தான் நினைச்சேன். எங்க தொழில்ல ஒரு விதி உண்டு. ரெண்டு செகண்டுக்கு மேல அமைதி இருந்தா வெட்டிடணும். இல்லன்னா பாக்கிறவங்க நின்னுபோச்சுன்னு நினைச்சிடுவாங்க. வெட்டும்போது நான் கேக்கறதுகூட இல்ல அண்ணி. திரையில குரல் அலை அலையா ஓடும். எங்கே தட்டையா இருக்கோ அங்கே ஒரு வெட்டு. களை பிடுங்கற மாதிரி. அன்னைக்கும் அப்படித்தான் பிடுங்கியிருக்கேன்.

— இப்போ கேட்டியா?

— நானா கேக்கலை. மாணவர்கள் பேசற பகுதியில ஒரு நர்சம்மா எழுதியிருந்தாங்க. படிக்கிறேன். "பாடம் தயாரித்தவர்களுக்கு. ஆடியோ நிற்கவில்லை. இயர்போன் போட்டுக் கேளுங்கள். அந்தப் பதினோரு செகண்டில் ஒரு பெண் சத்தம் வராமல் அழுகிறாள். முப்பது வருஷம் வார்டில் நின்றவள் நான். நடிப்பு எது, இது எது என்று எனக்குத் தெரியும். அவளை யாராவது போய்ப் பார்த்தீர்களா?"

— நீயும் கேட்டியா?

— மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இயர்போன் போட்டுக் கேட்டேன். மூச்சை அடக்கி அடக்கி... யாரோ வாயைக் கையால பொத்திக்கிட்ட மாதிரி. அப்புறம் "இல்ல"ன்னு உங்க குரல். நான் அன்னைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? அதுவும் அதுல பதிவாகியிருக்கு. "சூப்பர் அண்ணி, பின்னிட்டீங்க"ன்னு சிரிக்கிறேன். ஒரு மனுஷி எதிர்ல உக்காந்து அழுதிருக்கா, நான் கை தட்டியிருக்கேன். அஞ்சு வகுப்பு, ரெண்டாயிரம் பேர், உங்க வாயிலேருந்து வந்த அந்த "இல்ல"யைக் கேட்டு மார்க் வாங்கிட்டுப் போயிருக்காங்க.

— தண்ணி குடி.

— வேணாம். மேலதிகாரி அம்மா அந்த நர்சம்மா பதிவை நீக்கிட்டு பழைய ஃபைலை ஏத்துங்கன்னு சொல்லிட்டாங்க. திங்கட்கிழமைக்குள்ள முடிக்கணும். நான் நீக்கலை. அவங்க கேட்டிருக்காங்களே, போய்ப் பார்த்தீங்களான்னு. அதான் பாக்க வந்திருக்கேன்.

— என்னையா?

— வேற யாரை? அண்ணன் டிரைவிங் கிளாஸ் முடிச்சு வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. அவன் என் கூடப் பொறந்தவன்தான். அதுக்காக மூடி மறைப்பேன்னு நினைக்காதீங்க. உங்களை... அவன் கை நீட்டுறானா?

— நீ என்ன கேக்கிறேன்னு உனக்குத் தெரியுதா?

— தெரியுது.

— தெரியுங்கிற சொல்லை எழுதக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னே?

— விளையாடாதீங்க அண்ணி. நான் மூணு நாளா தூங்கலை.

— விளையாடலை. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு பாக்கிறேன். ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அப்போ நிஜம்தான். ஐயோ. நிஜமாத்தான்...

— கதவைத் திறந்து போட்டுட்டு என்ன மாநாடு நடக்குது? நாத்தனாரும் அண்ணியும் தலையோட தலை முட்டி உக்காந்திருக்கீங்க. டீச்சர் தங்கச்சி, எப்போ வந்தே? வண்டி நிக்கலையே வெளியில?

— பஸ்ல வந்தேண்ணா.

— சரிதான். உனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தவன் ஊர்ல பாதிப் பேருக்குக் கத்துக் கொடுக்கிறவன், நீ பஸ்ல வர்றே. வண்டி என்னாச்சு?

— சாவி அவர்கிட்ட இருக்கு.

— உன் வண்டியை நீயே ஓட்டலாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு. ஏம்மா, தண்ணி கொண்டா. இன்னைக்கு ஒருத்தன் பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சான் பாரு! நல்லவேளை, வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் வச்சிருக்கான் கம்பெனிக்காரன். இல்லன்னா இந்நேரம் நான் சுவர்ல போஸ்டரா ஒட்டியிருப்பேன்.

— அண்ணா, நீ அண்ணியை அடிக்கிறியா?

— என்னது?

— கேள்வி புரியலையா? அடிக்கிறியான்னு கேட்டேன்.

— இவளையா? தபால் மூட்டையை ஒத்தக் கையில தூக்கி வேன்ல வீசறவ இவ. நான் கிட்டப் போவேனா? சரிதான் போ, இதுக்கா பஸ் ஏறி வந்தே?

— சிரிக்காதே. எனக்குப் பதில் வேணும்.

— ஏய். நிஜமாவா கேக்கிறே?

— நிஜமாத்தான்.

— ஏம்மா, என்ன சொல்றா இவ? நீ ஏதாவது சொன்னியா? நாப்பத்தெட்டு வயசாச்சு எனக்கு. ஒரு தடவை... ஒரு தடவை கத்தியிருக்கேன், தட்டை டொக்குன்னு வச்சிருக்கேன். ஒத்துக்கிறேன். கையா? என் தங்கச்சி வாயிலேருந்து இந்தக் கேள்வியைக் கேக்கணும்னு எழுதியிருக்கு பாரு.

— உங்களை யாரும் எதுவும் சொல்லலைங்க. உக்காருங்க. இவ ஒரு ஆடியோ கொண்டு வந்திருக்கா. அன்னைக்குப் பின்ரூம்ல பதிவு பண்ணினது. நடுவுல யாரோ அழறாங்களாம், அது நான்தானாம்.

— போடு. நானும் கேக்கிறேன். என் பொண்டாட்டி எதுக்கு அழுதான்னு எனக்கும் தெரியணும்ல.

— வேணாம்ணா, நீ கேட்டு என்ன ஆகப்போகுது...

— கேக்கட்டும். அந்த இயர்போனைக் கொடு அவர்கிட்ட. நல்லா காதுல அமுக்கி வச்சுக்கோங்க.

— ம். இவ குரல் வருது... "கையில எப்படி ஆச்சு"... ம். "தொட்டாலே கன்னிப்போற"... ம். "யாராவது அடிக்கிறாங்களா"... ஒண்ணும் வரலையே.

— இருங்க. வரும்.

— ம்... ஏய். ஒரு நிமிஷம். திரும்பப் போடு.

— என்னண்ணா?

— திரும்பப் போடுன்னேன்.

— போட்டாச்சு.

— விக்குது.

— என்ன?

— விக்கல். அழுகையை அடக்கினா வருமே. முதல்ல ஒண்ணு. கொஞ்சம் விட்டு, ரெண்டு சேர்ந்தாப்புல. ஏம்மா, நீ அழுதா விக்குவியா?

— எனக்கு மூக்குதான் ஒழுகும். இருபது வருஷமா பாக்கிறீங்க.

— அதான் நானும் யோசிக்கிறேன். இந்த விக்கல் எனக்குத் தெரிஞ்ச விக்கல். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிள்ல பின்னாடி உக்காந்து வருவா ஒருத்தி. கிளாஸ்ல திட்டு வாங்கியிருப்பா. கேட்டா அழலைம்பா. ஆனா என் முதுகுல இடிக்கும். முதல்ல ஒண்ணு. அப்புறம் ரெண்டு சேர்ந்து. ஆறு வருஷம் அதை முதுகுல வாங்கினவன் நான்.

— அண்ணா, தூசியா இருந்துச்சு அன்னைக்கு, அந்தக் கம்பளி...

— இது நீடி.

— இல்ல.

— இது இவ இல்ல. இது நீ.

— இல்லண்ணா. நான் எதுக்கு அழணும்? நான் கேள்வி கேட்ட ஆளு. கையில பேப்பரை வச்சுக்கிட்டு நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். அண்ணி, நீங்க சொல்லுங்க.

— எங்கே உக்காந்திருந்தோம்னு கேட்டியே. நீ கதவுப் பக்கம், நான் சுவர்ப் பக்கம். மைக் உன் முழங்காலுக்குப் பக்கத்துல. என் குரல் தூரத்துலேருந்து வர்ற மாதிரி இருக்கட்டும், நோயாளி தயங்கிப் பேசறாப்புல இருக்கும்னு நீதான் டப்பாவை உன் பக்கம் இழுத்து வச்சே. மூச்சு பக்கத்துல கேக்குதுன்னா அது யார் மூச்சுன்னு நீயே சொல்லு. தொழில்காரி நீதான்.

— எனக்கு ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. நீ கேள்வியைக் கேட்டே. என் பேப்பர்ல அடுத்த சொல் "இல்ல". அதைப் படிக்க வாயைத் திறந்தேன், வரலை. அதுக்கு முந்தின வரிதான் காரணம். டாக்டர் அம்மா எழுதினதைப் பேனாவால அடிச்சுட்டு உன் கையெழுத்துல எழுதியிருந்தே. தொட்டாலே கன்னிப்போற உடம்புன்னு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி இதே வீட்டுல, இதே சோபாவுல, உன் கழுத்துக்குக் கீழ என்னடின்னு நான் கேட்டப்போ நீ சொன்ன வார்த்தை அது. ஒரு எழுத்து மாறலை.

— நிஜமாவே எனக்கு உடம்பு அப்படித்தான் அண்ணி. லேசா இடிச்சாக்கூட...

— பொய் சொல்லாதே டீச்சர். எட்டு வயசுல பின்பக்கத்து மதில்லேருந்து விழுந்தே. பல்லு ஆடிப்போச்சு. உடம்புல எங்கேயும் கன்னிப்போகலை. அம்மா விளக்கு பிடிச்சுத் தேடினாங்க. ரப்பர்ல செஞ்ச பொண்ணுன்னு நான்தான் பேர் வச்சேன். உனக்கா தொட்டா கன்னிப்போகும்?

— அன்னைக்குப் பின்ரூம்ல நான் உன் முகத்தையே பார்த்தேன். நீ பேப்பரையே பார்த்தே. பதில் வரும்வரை காத்திருப்பார்னு மேலே எழுதியிருந்துச்சுல்ல? அதைத்தான் செஞ்சேன். நீ கேட்ட கேள்விக்கு நீதான் பதில் சொல்லணும்னு காத்திருந்தேன். கவுண்டர்ல ஒரு நாளைக்கு இருநூறு முகம் பாக்கிறவ நான். உன் உதடு துடிச்சுது, கையால பொத்தினே. இதோ சொல்லப் போறா, இதோ சொல்லப் போறான்னு... அப்புறம் எனக்குத் தைரியம் போயிடுச்சு. கேட்டு, நீ சொல்லிட்டா, அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு தெரியலை. "இல்ல"ன்னு படிச்சுட்டேன். உனக்காக நான் சொன்ன பொய் அது. நீ கண்ணைத் துடைச்சுக்கிட்டு சூப்பர் அண்ணின்னே.

— ஏம்மா, ரெண்டு வருஷமா உனக்குத் தெரியுமா?

— தெரியும்.

— என்கிட்ட சொல்லலையே நீ.

— சொன்னா நீங்க இப்போ தேடற மாதிரி வண்டிச் சாவியைத் தேடுவீங்க. அங்கே போய்ச் சட்டையைப் பிடிப்பீங்க. அன்னைக்கு சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போறவ இவ. அடி யாருக்கு விழும்?

— அதுக்காக? சும்மா இருக்கச் சொல்றியா? இவ மேல கை வைக்கிறான், சாவியைப் பிடுங்கி வச்சுக்கிறான். மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு நான் எழுந்து நின்னு கை கொடுத்திருக்கேன் அவனுக்கு! என் பக்கமும் ஒரு பிரேக் இருந்துச்சே. இத்தனை வருஷம் கால் வச்சுப் பாக்கலையே நான்.

— உக்காருங்க. இப்போ அவர்கிட்ட போக வேணாம். இவகிட்ட இருங்க.

— போன் அடிக்குது. அவர்தான். எடுக்கலைன்னா... அண்ணி, எடுக்கலைன்னா பெரிய பிரச்சினையாகும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு போட்டோ...

— அடிக்கட்டும். போனைக் கவுத்து வை. என்னைப் பாரு.

— அண்ணி, வேணாம்.

— அன்னைக்கு நீ கேட்டதை இன்னைக்கு நான் கேக்கிறேன். இந்தத் தடவை "இல்ல"ன்னு படிக்கிறதுக்கு என் கையில பேப்பர் இல்ல. வீட்டுல யாராவது உன்னை அடிக்கிறாங்களா?

— ...

— ஏம்மா, அவளை ரொம்ப...

— நீங்க பேசாதீங்க. அவ பேசட்டும்.

— ...

— ...

— பின்ரூம் கதவுல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா அண்ணி?

— இருக்கு.

— நான் நாளைக்கே புதுசா, பெருசா ஒண்ணு போட்டுடறேன் டீச்சர்.

— போட்டு ஒண்ணரை வருஷம் ஆச்சுங்க. நீங்கதான் போட்டீங்க. யாரும் படுக்காத ரூமுக்கு எதுக்குடி தாழ்ப்பாள்னு கேட்டுக்கிட்டே திருகினீங்க.

— அதுக்குத்தானா? என் டயரெல்லாம் அங்கே வைக்கக் கூடாதுன்னு சண்டை போட்டியே, அதுவும்...

— வாராவாரம் அந்தப் போர்வையைத் துவைக்கிறேனே, அதுவும்தான். எழுந்திரு. கண்ணாடியைக் கழட்டி வை, இல்லன்னா மறுபடியும் அது மேல உக்காரப் போறே. கையைக் காட்டு, பாப்போம்.

* * *

— அண்ணி, வேலையா இருக்கீங்களா? ஒண்ணு படிச்சுக் காட்டணும்.

— ஸ்டாம்ப் விக்கிற நேரமா இது? படி. உங்க அண்ணனும் கேக்கட்டும்.

— அந்த நர்சம்மாவுக்குப் பதில். ஏழு வாரமாச்சு, இன்னைக்குத்தான் எழுதி முடிச்சேன். "உங்கள் பதிவை நீக்கவில்லை. வெட்டாத ஃபைலே இனி இருக்கும். அந்தப் பதினோரு செகண்டுக்குத் திரையில் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இது கோளாறு அல்ல, காத்திருக்கவும். வீடியோக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் அவருக்கு நன்றி சொன்னேன். மேலதிகாரி அம்மா இன்னும் கோபமாக இருக்கிறார்."

— அந்த வரி நல்லாருக்கு டீச்சர்.

— இருண்ணா. "நோயாளியாகப் பேசிய பெண்ணை நான் போய்ப் பார்த்தேன். அவர் நன்றாக இருக்கிறார், தபால் ஆபீசுக்குப் போய் வருகிறார். நான் பஸ்ஸில் போகாமல் இருக்க, அவர் கணவர் எனக்கு மறுபடியும் வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறார். அழுதது கேள்வி கேட்ட பெண். அவள் இப்போது அவர்கள் வீட்டுப் பின்ரூமில் இருக்கிறாள். அவள் கணவர் பழைய வீட்டில் இருக்கிறார், வழக்கு நடக்கிறது. மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது."

— அனுப்பு.

— அனுப்பி ஒரு மணி நேரம் ஆச்சு அண்ணி. அவங்க பதிலும் வந்துடுச்சு. அதைத்தான் உங்களுக்குக் காட்டணும்னு வந்தேன்.

— என்ன எழுதியிருக்காங்க?

— "நல்லதும்மா. நான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நோயாளி என்ற சொல்லே அதில் இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் வணக்கம் சொல்லும் குரல்தான் அழுகிறது என்று எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. நேரே உங்களைக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் 'அவளை' என்று எழுதினேன்."